வழித்துத் துடைத்த வாசல்

1

யோகம் விழுந்து, போன செவ்வாய்க்கிழமையோடு ஒரு வருடம்.

இப்படியான ஆண்டு நிறைவுகளுக்கு யாரும் கேக் வெட்டுவதில்லை. அன்று காலை எழுந்து முன் ஜன்னலால் பார்த்தால், போன வருடத்தைப் போலவே வாசல் முழுக்கப் பனி. யோகமும் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். என்ன நாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் தேத்தண்ணி போடப் போனாள். நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பிளேட்டைப் பார்க்கப் பின்வளவுக்குப் போனேன்.

யோகம் என் மனைவி. பிளேட் என்பது பனி தள்ளுகிற இரும்புத் தகடு. இந்தப் பனிக்காலம் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் சீவியம் போகிறது. ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்குப் பனி என்றால் படங்களில் பார்த்த வெள்ளைதான் நினைவுக்கு வரும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது கனடாவில், ஸ்காபரோவில், ஒரு மூலை வளவு வீட்டில். வாசற்படியிலிருந்து கார் நிற்கிற ட்ரைவ்வே வரைக்கும் வளைந்த நடைபாதை ஒன்று போகிறது. காரைப் படியோடு கொண்டுவந்து நிறுத்த வழியில்லை. போன வருடம் யோகம் தன் அக்காவுக்கு இடியப்பமும் சொதியும் கட்டி எடுத்துக்கொண்டு இந்தப் பாதையில்தான் இறங்கினாள். காலையில் பனி தள்ளியாகிவிட்டது. ஆனால் எந்தப் பிளேட்டும் கடதாசித் தடிப்பில் ஒரு பனிப்படையை விட்டுவிட்டுத்தான் போகும். அது மத்தியான வெயிலில் உருகிப் பின்னேரம் திரும்ப உறைந்துவிடும். பார்த்தால் ஈரம் மாதிரிக் கிடக்கும். கால் வைத்த பிறகுதான் சங்கதி விளங்கும். இடுப்பெலும்பு உடைந்தது. கொட்டிய சொதி கார்ச் சில்லுக்குப் பக்கத்தில் மஞ்சளாக உறைந்து, பங்குனி வரைக்கும் அங்கேயே கிடந்தது.

எலும்பு பொருந்திவிட்டது. நடக்கலாம், படி ஏறலாம், ஒரு குறையும் இல்லை என்று டொக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டிச் சொன்னார். கோடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அக்காவிடம் போய் வந்தாள். ஐப்பசியில் ஒரு காலை புல்லின்மேல் வெள்ளை பூத்திருந்தது. அன்றோடு நின்றுவிட்டாள். கோயில் இல்லை, மரக்கறிக் கடை இல்லை, கல்யாண வீடு இல்லை. அக்காவிடம் போவதும் இல்லை.

தவமணி அக்கா இருப்பது காரில் பத்து நிமிடத் தூரத்தில், ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில். தாய் இல்லாத யோகத்தைத் தலை வாரி இழுத்து, பள்ளிக்கூடம் அனுப்பி, எனக்குக் கட்டித் தந்தது அவதான். ஞாபகம் எல்லாம் தெளிவு. இருதயம்தான் களைத்துவிட்டது. கார்த்திகையில் நான் சாப்பாடு கொண்டு போனபோது அந்த இல்லத்து டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இந்தப் பனிக்காலத்தை அக்கா தாண்டுவா என்று தான் நினைக்கவில்லை என்றார். வீட்டுக்கு வந்து யோகத்திடம் மறைக்காமல் சொன்னேன். குசினிக் கதிரையில் இருந்து நெடுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“எனக்கு ஈரம் எது, ஐஸ் எது எண்டு கண் பிடிக்குதில்லை. காய்ஞ்ச கல்லைக் காட்டுங்கோ. நான் வாறன்.”

இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு ஒரு வேலை சொன்னதில்லை.

2

உப்புப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். போடலாம். கடும் குளிரில் உப்பும் எங்களைப் போல் சோம்பிக் கிடக்கும். வேலை செய்தாலும் கல்லை ஈரமாக்கும், ஈரத்தை யோகம் நம்பமாட்டாள். மண்வெட்டியால் சுரண்டலாமே என்றால், என் முதுகு அதற்குச் சம்மதிக்காது.

கல்லைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்த நகரத்தில் எங்கள் ஆட்கள் வீடு வாங்கினால் முதலில் குசினியை இடித்துக் கட்டுவார்கள். அடுத்தது இன்டர்லொக். தார் வாசலைக் கிண்டியெறிந்துவிட்டு, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கிற சின்னச் சின்னக் கற்களைப் பதிப்பது. பக்கத்து வீட்டில் சாம்பல் என்றால் நாங்கள் சிவப்பும் சாம்பலும். நானும் பதித்தேன். பதித்த வருடம் வந்த விருந்தாளிகளை வீட்டுக்குள் விடாமல் வாசலிலேயே வைத்துக் கதைத்தேன். நிலம் உறைந்து இளகும்போது இந்தக் கற்களில் சில மேலே கிளம்பும், சில கீழே இறங்கும். அது பனிக்காலத்தில்தான் நடக்கும், கல் பதித்தவன் சொல்லியிருக்கவும் மாட்டான்.

விட்பி என்ற ஊருக்கு அங்கால் ஒரு பண்ணை வீட்டில் புல் வெட்டுகிற சின்ன ட்ராக்டர் ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தேன். முன்னால் பிளேட் பூட்டலாம். ஆயுத பூசைக்கு யோகம் அந்தப் பிளேட்டையும் உள்ளே கொண்டு வரச் சொன்னாள். இரும்பைத் தூக்கிக்கொண்டு வந்து, கார்ப்பெற் பழுதாகாமல் பேப்பர் விரித்து, சரசுவதி படத்துக்கு முன்னால் புத்தகங்களோடு வைத்தோம். சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்தாள். கனடாவில் பொட்டு வைத்துக்கொண்டு பனி தள்ளிய பிளேட் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பிளேட்டின் இரண்டு அந்தத்திலும் சின்ன இரும்புச் சப்பாத்து உண்டு. அது பிளேட்டை நிலத்திலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும். சப்பாத்தோடு ஓடினால் பனிப்படை மிஞ்சும். சப்பாத்தைக் கழற்றினால் இரும்பு விளிம்பு கிளம்பிய கல்லில் போய் இடித்து, ஆளைத் தூக்கி ஸ்டியரிங்கில் போடும். என் பிரச்சினை முழுக்க இவ்வளவுதான். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டும்.

மகன் கஜன் விட்பியில் இருக்கிறான். கம்பியூட்டர் வேலை. நான் சொன்னதைப் போனில் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டான்.

“அப்பா, வை ஆர் யூ டூயிங் திஸ்? நான் ஒரு கொன்ட்ராக்டரை ஆப்பில புக் பண்ணிவிடுறன். நீங்கள் உள்ளுக்கு இருங்கோ.”

புக் பண்ணியும் விட்டான். கொன்ட்ராக்டர் வந்தான். என்னுடையதைவிடப் பெரிய இரும்பு. வந்த வேகத்தில் இரண்டு கல்லைப் பெயர்த்துவிட்டு, அதே கடதாசிப் படையை விட்டுவிட்டு, வேலை முடிந்த வாசலைப் படம் எடுத்து அனுப்பினான். கஜன் அந்தப் படத்தை எனக்கு அனுப்பி, கட்டை விரல் தூக்கிய படத்தையும் போட்டிருந்தான். படத்தில் எல்லாம் நல்ல வடிவாகத்தான் இருந்தது.

3

ஊரில் நான் பனியைக் காணவில்லையே தவிர, சீமெந்துத் தரையை வழிப்பது எனக்குப் புதிதல்ல. பரந்தனில் மாமாவின் அரிசி ஆலையில் கணக்கு எழுதியிருக்கிறேன். அவித்த நெல்லைச் சீமெந்துக் களத்தில் காயப் போடுவார்கள். மழை இருட்டினால் கணக்குப்பிள்ளை, முதலாளி என்ற பேதம் இல்லை. எல்லோரும் களத்தில். நீளப் பலகை ஒன்றில் கயிறு கட்டி இரண்டு பேர் இழுப்பார்கள். பாரம் இல்லாவிட்டால் பலகை நெல்லின்மேல் மிதந்து போகும் என்பதற்காக ஒருவன் அதில் ஏறிக் குந்தியிருப்பான். மெலிந்த உடம்பென்று என்னை ஏற்றமாட்டார்கள். எனக்கு அது அந்த வயதில் பெரிய அவமானம். பாரமான ஆள் ஏறினால் களத்தில் ஒரு மணி நெல் மிஞ்சாது.

அந்த ஆலை இப்போது இல்லை. அதைச் சொல்லிக் கண்ணைக் கசக்க நான் வரவில்லை. புழுதியும் உமியும் மாமாவின் வாயும் சேர்ந்த இடம் அது. எனக்கு அங்கிருந்து வேண்டியிருந்தது ஒரே ஒரு விசயம்: பாரம்.

மார்கழியில் ஒரு நாள் சப்பாத்துகளைக் கழற்றிவிட்டு, பிளேட்டின் முதுகில் பாரம் வைக்க என்ன இருக்கிறது என்று வீட்டுக்குள் தேடினேன். எங்கள் ஆட்களின் வீட்டில் பாரமான பொருள் என்று தேடினால் கையில் அகப்படுவது ஒன்றுதான். குசினி மூலையில் நின்ற அரிசிப் பையைத் தூக்கிவந்து கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். ட்ராக்டரை இயக்கினேன். உண்மையைச் சொன்னால் முதல் ஐந்தாறு அடி அற்புதம். சிவப்புக் கல் பளிச்சென்று தெரிந்தது. நான் யோகத்தைப் பார்க்க ஜன்னல் பக்கம் திரும்பினேன். அந்த நேரம் பார்த்துப் பிளேட் ஒரு கிளம்பிய கல்லில் கொளுவியது.

ட்ராக்டர் நின்றது. அரிசிப் பை நிற்கவில்லை. வெடித்து, வாசல் முழுக்கச் சம்பா அரிசி. வெள்ளைப் பனியில் சிவத்த அரிசி. மூன்று அணில்கள் எங்கிருந்து வந்தன என்று தெரியாது, வந்துவிட்டன.

பக்கத்து வீட்டுக் கார்த்திக் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். கோயம்புத்தூர்க்காரர். பிக்கரிங்கில் ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளர். சிரிக்கக்கூடாது என்று அந்த மனிதர் பட்ட பாட்டைப் பார்க்கவேண்டும்.

“என்னங்க அங்கிள் இது! அரிசி மூட்டையைப் போய்க் கட்டியிருக்கீங்க?”

“பாரத்துக்குத் தம்பி.”

“பாரம் ஏத்துனா கல்லுல மாட்டத்தானுங்களே செய்யும்? உங்களுக்கு அழுத்தம் வேண்டாங்க. ஒட்டணும், அவ்வளவுதான்.”

ஜன்னலில் தட்டும் சத்தம் கேட்டது. யோகம். நான் ஏச்சு வாங்கத் தயாராகத் திரும்பினால், அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். விழுந்ததற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் காணவில்லை. கண்ணாடிக்கு உள்ளே நின்று கத்தினாள்: “அரிசியை மிதியாதேங்கோ! ஒதுங்கி நில்லுங்கோ!”

நானும் கார்த்திக்கும் குனிந்து பொறுக்கினோம். விளக்குமாறு ஒன்றைக் கொண்டு வாரும் என்று யோகத்திடம் கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. கதவைத் திறந்தாள். விளக்குமாற்றைப் படிக்கு மேலே சாத்தி வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினாள்.

4

உதவி கேட்கவில்லையா என்று நினைப்பீர்கள். கேட்டோம். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு தொலைபேசி எண் உண்டு.

வீட்டுக்கு வந்து உதவுகிற ஒரு அலுவலகத்துக்கு டொக்டர் எழுதியிருந்தார். ஒரு உத்தியோகத்தர் பெண் போன் எடுத்தார். யோகத்துக்கு ஆங்கிலம் போதாது என்பதால் மூன்றாவது லைனில் ஒரு மொழிபெயர்ப்பாளர். எந்த ஊரோ தெரியாது, பட்டிமன்றத் தமிழ்.

“அம்மையீர், வெளியே செல்வதற்குத் தங்களுக்கு அச்சம் உண்டா?”

யோகம் கொஞ்சம் யோசித்தாள். “பயமெண்டு சொல்லேலாது. மனம் ஏவுதில்லை.”

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தடுமாறினார். பிறகு, அவவுக்குப் பயம் இல்லையாம், போக விருப்பம் இல்லையாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். உத்தியோகத்தருக்குச் சந்தோசம். விருப்பம் என்றால் அது அவருடைய உரிமை, நாங்கள் தலையிட முடியாது. எனக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே விழுந்து, அவளுடைய ஹார்ட்தான் அவளைப் போக விடுகுதில்லை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினேன். ஹார்ட்டா, நெஞ்சு நோகிறதா, இப்போதே அம்புலன்ஸ் அனுப்பவா என்று அந்தப் பெண் பதறிப்போனார். வேண்டாம் என்று மன்றாடிப் போனை வைத்தேன். யோகத்தின் பெயரில் இருந்த பைல் அதோடு மூடப்பட்டது.

நகரசபைக்கும் போன் அடித்தேன். நாங்கள் வாசலை வழித்து முடிக்கிற நேரம் பார்த்து நகரசபையின் பெரிய வண்டி தெருவைத் தள்ளிக்கொண்டு வந்து, எங்கள் வாசல் வாயில் இடுப்பளவுக்கு ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகும். அதை எடுத்துத்தர முடியுமா என்று கேட்டேன். முதியவர்களுக்கு அந்தச் சேவை இருக்கிறது, உங்களுக்கு இன்னும் வயது போதாது என்றார்கள். இந்த நாட்டுக்கு வந்தபிறகு எனக்கு வயது போதாது என்று யாரும் சொன்னது அதுதான் முதல் தடவை.

நாள்தோறும் மத்தியானம் அக்காவைப் பார்க்கிற பிலிப்பினோப் பிள்ளை ஒருத்தி, சாப்பாடு முடிந்ததும் முகம் தெரிகிற போன் போட்டுத் தருவாள். அக்காவின் முகம் திரையில் பாதிதான் தெரியும். மிச்சம் தலையணை. இரண்டு பேரும் என்ன கறி என்று கதைப்பார்கள். நான் கொண்டு போகிற இடியப்பத்தில் இரண்டுதான் இறங்குகிறது என்று யோகத்துக்கு நான் சொல்லவில்லை. கடைசியில் அக்கா ஒவ்வொரு நாளும் கேட்பா: “எப்ப வாறாய்?” யோகம் ஒவ்வொரு நாளும் சொல்லுவாள்: “ஸ்னோ கொஞ்சம் விடட்டும் அக்கா.”

மனம் ஏவுதில்லை. அந்த வார்த்தையை நானும் பக்கத்தில் இருந்து கேட்டவன்தான். கேட்டுவிட்டு, பிளேட்டுக்குக் கட்ட எவ்வளவு தடிப்பில் றப்பர் வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டு போனேன். எனக்குக் கையால் செய்யக்கூடியது அது ஒன்றுதான் இருந்தது.

5

ஒட்டவேண்டும், அழுத்தக்கூடாது. கார்த்திக் சொன்னது என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. இரும்பு விளிம்புக்குக் கீழே றப்பர் கட்டினால் அது கல்லில் ஒட்டி வழிக்கும், கல் கிளம்பியிருந்தால் வளைந்து கொடுத்துத் தாண்டும். கண்ணாடி துடைக்கிறவர்கள் வைத்திருக்கிற றப்பர்த் துண்டு மாதிரி.

முதலில் காருக்குள் போடுகிற றப்பர்ப் பாயை வெட்டிக் கட்டினேன். பனியின் பாரத்துக்கு அது பிளேட்டுக்கு அடியில் மடிந்து போய், பனிக்கு மேலால் சவாரி செய்தது. இரண்டாவதாக வாங்கிய றப்பர் குளிரில் பலகையாகி வெடித்தது. தை பிறந்து கொஞ்ச நாளில் கார்த்திக் தன் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட பெல்ட் ஒரு துண்டு கொண்டுவந்து தந்தார். பெட்டிகளை ஏற்றிப் போகிற பெல்ட். உள்ளே துணி வைத்துத் தைத்தது, ஒரு விரல் தடிப்பு, குளிருக்கும் அசையாது.

அதைப் பிளேட்டுக்கும் ஒரு இரும்புப் பட்டைக்கும் நடுவில் வைத்து ஆணி முறுக்கினோம். தேயத் தேயக் கீழே இறக்கலாம் என்பதற்காக ஓட்டைகளை நீளமாகத் தோண்டினோம். அதிகம் தொங்கினால் மடிகிறது, குறைந்தால் இரும்பு படுகிறது. இரண்டு விரல் அளவில் நின்றபோதுதான் சொன்னபடி கேட்டது. பிளேட்டின் முதுகில் சுருள் கம்பி ஒன்றைப் பூட்டி, கல்லில் தட்டினால் முன்னால் சாய்ந்து திரும்ப நிமிரும்படி செய்தோம். அப்போதும் நடுவே ஒரு கோடு பனி மிஞ்சியது. கற்கள் இறங்கிப் பள்ளமாயிருந்த இடம்.

“ஒரே பீஸா இருந்தா பள்ளத்துல இறங்காதுங்க அங்கிள். நாலா வெட்டிரலாம். ஒவ்வொண்ணும் அதது இடத்துல இறங்கிக்கும்.”

நல்ல பெல்ட்டை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. ஊர்க்குணம். பிறகு வெட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கஜன் வந்தான். நான் பிளேட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து முறுக்கிக்கொண்டிருக்க, கைகளைக் கோட்டுப் பொக்கெற்றுக்குள் விட்டபடி மேலே நின்று பார்த்தான். அவனுடைய மகள் காரைவிட்டு இறங்கவில்லை. போனில் ஏதோ விளையாட்டு நடந்துகொண்டிருந்ததாம்.

“அப்பா, கோபிக்காதேங்கோ. இட்ஸ் நொட் அபௌட் த ஸ்னோ. அம்மாக்கு ட்ரோமா. ஒரு தெரப்பிஸ்டோட கதைக்கவேணும்.”

“எந்தப் பாசையில?”

அவன் போனை எடுத்தான். பிறகு தேடிப் பார்த்துத் தமிழ் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடித்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். சித்திரையில் இடம் இருக்கிறதாம்.

“சித்திரையில ஸ்னோவும் போயிடும், பெரியம்மாவும் போயிடுவா,” என்றேன். சொல்லியிருக்கக்கூடாது. அவனையும் வளர்த்தது தவமணி அக்காவின் மடிதான். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்கு ஓடிய காலத்தில் அவதான் சோறு தீத்தினா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போறன் அப்பா, இப்பவே,” என்றான். உள்ளே போய்க் கேட்டும் பார்த்தான். தன்னைத் தூக்கவேண்டாம், தனக்குக் கால் இருக்கிறது, அப்பா வாசலைச் சரிப்படுத்துகிறார் என்று யோகம் சொல்லிவிட்டாள். எனக்கு அப்போது ஒரு பெருமையும் வந்தது. இப்போது அதை நினைக்கவே பிடிக்கவில்லை.

6

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

இரவே பெய்து முடித்து, வானம் வெளித்து, நல்ல வெயில் எறித்தது. பிளேட்டைப் பூட்டி ட்ராக்டரை முன்னுக்கு எடுத்தேன். வாசற்படியில் தொடங்கி நடைபாதை வழியாக ட்ரைவ்வேக்கு ஒரு ஓட்டம். நான்கு துண்டும் நான்கு கை மாதிரி அதது இடத்தில் இறங்கி வழித்துக்கொண்டு போயின. கிளம்பிய கல்லில் தட்டியபோது பிளேட் ஒரு தலையசைப்பு அசைத்துவிட்டுத் தாண்டியது. திரும்பிப் பார்த்தேன். பனி தூளாகக்கூட இல்லை. சாம்பல் கல், சிவப்புக் கல், பதித்த அன்று இருந்தது போல. நகரசபை வண்டி வந்து வாசல் வாயில் வரம்பு கட்டியது. அதையும் நானும் கார்த்திக்குமாக வெட்டி எடுத்தோம்.

கொஞ்ச நேரத்தில் கல்லின் ஈரமும் வெயிலுக்குப் போய்விட்டது. நான் கையுறையைக் கழற்றிப் படியிலிருந்து கார் வரைக்கும் குனிந்து குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். காய்ந்த கல். இந்த நாட்டில் வேலை செய்த அத்தனை வருடத்திலும், இது நான் செய்தது என்று காட்டக்கூடிய ஒன்றை நான் செய்ததில்லை. கார்த்திக் தன் வாசலில் நின்று கையைத் தட்டினார்.

உள்ளே போனால் யோகம் வெளிக்கிட்டு நிற்கிறாள். நான் சொல்லவில்லை. ஜன்னலால் பார்த்திருக்கிறாள். அக்காவுக்குப் பிடித்த நீலச் சேலை, மேலே கோட், காலில் நாடா கட்டிய பனிச் சப்பாத்து. கையில் சாப்பாட்டுப் பை. கத்தரிக்காய்ப் பால்கறி மணம். நான் கார்த் திறப்பை எடுத்தேன். கதவை அகலத் திறந்து பிடித்தேன்.

அவள் கதவு நிலையில் வந்து நின்றாள். கீழே பார்த்தாள். படி, பாதை, கார். எல்லாம் காய்ந்து கிடந்தன.

“பாரும் யோகம். ஒரு சொட்டு ஐஸ் இல்லை. நான் கையால தடவிப் பாத்தனான்.”

“தெரியுது அப்பா. வடிவா வழிச்சிருக்கிறியள்.”

வலது காலைத் தூக்கினாள். படிக்கு மேலே அந்தக் கால் நின்றது. நான் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பிடிக்கவில்லை, நிலையைப் பிடித்தாள். விரல்கள் வெளுத்துப்போயின. பாட்டுக்குத் தாளம் போடுவது போல அந்தக் கால் நடுங்கியது. மூக்கில் வியர்வை. வெளியே அவ்வளவு குளிர். காலைத் திரும்ப உள்ளே எடுத்து வைத்தாள்.

“கால் வருகுதில்லை அப்பா,” என்றாள். “நான் என்ன செய்ய?”

நானும் அதையேதான் கேட்டுக்கொண்டு நின்றேன். பனி என்றால் தள்ளலாம். கல் என்றால் பதிக்கலாம். றப்பர் தேய்ந்தால் இரண்டு விரல் இறக்கலாம். அந்தக் கால் நின்ற இடத்தில் நான் பூட்டக்கூடிய ஒன்றும் இல்லை. கதவைத் திறந்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, வீடு முழுக்கக் குளிர் ஏறிவிட்டது. அவளைச் சப்பாத்து மாட்டுகிற வாங்குப் பலகையில் இருத்திவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அப்போதுதான் போன் அடித்தது. அக்கா. பிலிப்பினோப் பிள்ளை இன்றைக்கு வழமையைவிட முந்தி எடுத்துவிட்டாள். யோகம் கண்ணைத் துடைத்து, கோட்டைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, போனை முகத்துக்கு நேரே பிடித்தாள். அக்காவின் குரல் மெலிந்து கேட்டது.

“யோகம்... வெயில் எறிக்குது பிள்ளை. வெளிக்கிட்டிட்டியோ?”

“இல்லை அக்கா.” யோகத்தின் குரலில் ஒரு பிசகும் இல்லை. “இஞ்ச வாசல் முழுக்க ஸ்னோ. இவர் இன்னும் தள்ளேல்லை.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“அவரிட்டைக் குடு,” என்றா அக்கா.

போன் என் கைக்கு வந்தது. எனக்குப் பின்னால் முன் ஜன்னல். அதற்கு வெளியே படியிலிருந்து தெரு வரைக்கும் வழித்துத் துடைத்த கல் வெயிலில் கிடந்தது. சுவர் மட்டும் தெரியும்படி நான் திரும்பி நின்றுகொண்டேன்.

“என்ன தம்பி, இன்னும் தள்ளேல்லையோ?”

“இல்லை அக்கா. ராத்திரி கொட்டித் தள்ளிப்போட்டுது. மெசினும் ஏதோ பிழை.”

திரையில் தலையணைக்கு நடுவில் அந்தப் பாதி முகம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தது.

“சரி, அவசரப்படாதேங்கோ. முதுகு கவனம். ஆறுதலாத் தள்ளுங்கோ,” என்றா. “நான் எங்கை போகப்போறன்.”

“ஓம் அக்கா,” என்றேன். “நாளைக்குத் தள்ளிப்போடுவன்.”

யோகம் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.